எட்டு வரித் திரை

எழுதும் கருவிகளின் கதை – 17

சென்ற வாரம் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் 1950இல் கொண்டுவந்த லெட்டெரா 22 தட்டச்சுப் பொறியில் நிறுத்தினோம். எடை நான்கு கிலோவுக்கும் குறைவு. மின்சாரம் வேண்டாம், மை நாடாவும் தாளும் இருந்தால் ரயில் பெட்டியிலும் மரத்தடியிலும் அடிக்கலாம். அடுத்த முப்பது ஆண்டுகளில் எழுதும் கருவி இன்னும் இலேசாகியிருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. 1981 ஏப்ரலில் கலிபோர்னியாவில் நடந்த கணினிக் கண்காட்சியில் ‘கையோடு தூக்கிப் போகலாம்’ என்ற விளம்பரத்தோடு ஒரு கணினி மேடையேறியது. அதன் எடை 11 கிலோ. சுவரில் உள்ள பிளக்கில் மாட்டாமல் அதில் ஓர் எழுத்துகூட அடிக்க முடியாது.

அதைக் கொண்டுவந்தவர் ஆடம் ஆஸ்பார்ன். அவர் பெயர் தெரியாதவர்களுக்கும், திருவண்ணாமலைப் பக்கம் போனால், அவருடைய தந்தையின் பெயர் தெரிந்திருக்கும். ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், 1964இல் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக இருந்தவர், ஆர்தர் ஆஸ்பார்ன். பாங்காக்கில் ஆங்கில விரிவுரையாளராக இருந்த ஆர்தரை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் முகாமில் அடைத்துவைத்தார்கள். போலந்துக்காரரான மனைவி லூசியாவும் பிள்ளைகளும் அந்த ஆண்டுகளைத் திருவண்ணாமலையில் கழித்தார்கள். 1939இல் பாங்காக்கில் பிறந்த ஆடம் வளர்ந்தது அருணாசல மலையடியில்; பள்ளிக்கூடம் கொடைக்கானலில். பதினொரு வயதில் இங்கிலாந்து போனார். பர்மிங்காமில் வேதிப் பொறியியல், அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், எண்ணெய் நிறுவனத்தில் வேலை. அதை உதறிவிட்டு நுண்கணினிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார், பதிப்பித்தார். பதிப்பகத்தை 1979இல் மெக்ரா-ஹில்லுக்கு விற்றுவிட்டுக் கணினி செய்ய இறங்கினார்.

‘ஆஸ்பார்ன் 1’ பார்ப்பதற்குத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. உள்ளே இரண்டு பிளாப்பி டிரைவ்; நடுவில் ஐந்து அங்குலத் திரை. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டீன். விமான இருக்கைக்கு அடியில் அடங்க வேண்டும் என்பதுதான் அளவுக்கு வரையறை. திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். நீளமான வரியைப் படிக்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ள வேண்டும். விலை 1,795 டாலர். அந்த விலைக்குள் வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தார் ஆஸ்பார்ன். தனித்தனியாக வாங்கினால் அந்த மென்பொருள்களே கணினி விலையை நெருங்கும். போதுமான அளவு இருந்தால் போதும், மிச்சமெல்லாம் வீண் என்பது அவர் கொள்கை. ரசனையுள்ளவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வாங்கியவர்கள் சுளிக்கவில்லை; உச்சத்தில் மாதம் 10,000 பெட்டிகள் போயின.

இதே அச்சில் அடுத்த ஆண்டு வந்தது கேப்ரோ. உலோகப் பெட்டி, ஒன்பது அங்குலத் திரை, ஆஸ்பார்னைவிடக் கூடுதல் எடை. இதை வாங்கியவர்களில் ஒருவர் கொழும்பில் இருந்தார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவருடைய ‘2010’ நாவலைப் படமாக்கிய பீட்டர் ஹயம்ஸ் அமெரிக்காவில் இருந்தார். 1983இல் இருவரும் ஆளுக்கொரு கேப்ரோவை வைத்துக்கொண்டு தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் பரிமாறினார்கள். மின்னஞ்சல் என்பதை வெளியுலகம் கேள்விப்படாத காலம். அந்தக் கடிதங்கள் பிறகு தனிப் புத்தகமாகவே வந்தன. ஆனால் கிளார்க் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொழும்பில் அலையவில்லை. மேசையில் வைத்துத்தான் எழுதினார். கைப்பிடி இருந்த மேசைக் கணினிகள் இவை, அவ்வளவுதான்.

ஆஸ்பார்னின் கம்பெனி 1983 செப்டம்பரில் திவாலானது. புதிய மாடல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் பழைய மாடலை வாங்க ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்று வணிகப் பாடங்களில் இன்றும் சொல்லித்தருகிறார்கள். கேப்ரோவின் போட்டியும், ஐபிஎம் வழிக்கு உலகமே மாறிக்கொண்டிருந்ததும் அதே அளவு காரணங்கள் என்பது என் கருத்து. மூளை நோயால் உடல் தளர்ந்த ஆஸ்பார்ன் 1992இல் இந்தியா திரும்பி, சகோதரியின் பராமரிப்பில் இருந்தார். 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் காலமானார். அவர் சிறுவனாகப் படித்த ஊர்.

பிளக்கிலிருந்து எழுத்தை விடுவித்தது ஜப்பான். சுவா நகரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த சுவா செய்கோஷா நிறுவனத்தின் பொறியாளர் யுகியோ யோகோசாவா, ஏ4 தாள் அளவில் ஒரு கணினியை வடிவமைத்தார். எப்சன் எச்எக்ஸ்-20 என்று அது 1982இல் கடைக்கு வந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். உள்ளேயே ஒரு குட்டி அச்சுப்பொறி, சின்ன கேசட் டிரைவ். சார்ஜ் செய்தால் 50 மணி நேரம் ஓடும். எல்லாம் இருந்தது, ஆனால் திரையில் 4 வரி, வரிக்கு 20 எழுத்து. ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம் எழுதினால் தொடக்கம் மேலே போய் மறைந்துவிடும். கணக்கெடுப்பவருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் அது போதும். எழுதுகிறவருக்கு மூச்சு முட்டும்.

இந்த இடத்தில் ஒரு விமானப் பயணம் வருகிறது. கசுஹிகோ நிஷி என்ற இளைஞர் அப்போது ஜப்பானில் ஆஸ்கி என்ற கணினிப் பதிப்பகத்தை நடத்திக்கொண்டு, கிழக்காசியாவில் மைக்ரோசாஃப்டின் முகவராகவும் இருந்தார். இட்டாச்சி நிறுவனம் எட்டு வரி காட்டக்கூடிய திரவப் படிகத் திரை ஒன்றைச் செய்திருப்பது அவர் கண்ணில் பட்டது. அந்தத் திரையைச் சுற்றி ஒரு கணினியைக் கட்டலாம் என்ற யோசனை அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில், விமானத்தில் அவர் சந்தித்த மனிதர் கசுவோ இனமோரி. கியோட்டோவில் பீங்கான் பொருள்களில் தொடங்கி, சிப்புகளுக்கான பீங்கான் உறைகளில் உலகைப் பிடித்த கியோசெராவின் நிறுவனர். இனமோரி தனியாகவே ஒரு தொடருக்கு உரியவர். அறுபதைத் தாண்டி ஜென் துறவியாகத் தீட்சை பெற்றவர், எண்பதை நெருங்கும்போது திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸை ஏற்று நிமிர்த்தியவர். அந்தப் பயணப் பேச்சிலிருந்து பிறந்த கருவியைக் கியோசெரா செய்தது. ஜப்பானில் என்இசி, ஐரோப்பாவில் ஒலிவெட்டி, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளின் உரிமையாளரான டாண்டி ஆகியோர் கொஞ்சம் கொஞ்சம் மாற்றித் தத்தம் பெயரில் விற்றார்கள். நான்கு கிலோத் தட்டச்சுப் பொறியால் பெயர் வாங்கிய ஒலிவெட்டியே இந்தக் கூட்டத்திலும் இருந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தப் பெயர்களில் வரலாற்றில் நின்றது டாண்டியுடையது: டிஆர்எஸ்-80 மாடல் 100. 1983இல் வந்தது. 8 கிலோபைட் நினைவகத்தோடு 1,099 டாலர். 24 கிலோபைட் என்றால் 1,399 டாலர். ஒரு தடித்த நோட்டுப் புத்தக அளவு, எடை 1.4 கிலோ. திரை கீல் வைத்து மடங்குவதில்லை. விசைப்பலகைக்கு மேலேயே படுத்திருக்கும். 8 வரி, வரிக்கு 40 எழுத்து. பின்விளக்கு கிடையாது. மின்சாரத்துக்கு நான்கு பென்சில் பேட்டரி. பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டால் சுமார் 20 மணி நேரம் எழுதலாம்.

இதன் உள்ளே இருந்த மென்பொருளை மைக்ரோசாஃப்ட் எழுதியது. பில் கேட்ஸ் பெரும்பகுதி நிரலைத் தம் கையாலேயே எழுதிய கடைசிக் கருவி இதுதான் என்று பின்னாளில் அவரே ஏக்கத்தோடு சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு. மாடல் 100இன் முதல் பக்கத்தில் தேதி காட்டும் இடத்தில், ஆண்டின் முதல் இரண்டு இலக்கம் 19 என்று நிரலிலேயே பதிந்துவிட்டார்கள். நூற்றாண்டு மாறினாலும் அது மாறாது. இன்று ஓடவிட்டால் அது 1920களில் இருக்கிறது. உலகமே 2000ஆம் ஆண்டுக் கோளாறைப் பற்றிக் கிலிபிடித்து அலைந்தபோது, கேட்ஸே பெரும்பகுதி எழுதிய அந்தக் கடைசி நிரலிலும் அது இருந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டியல் வந்து நிற்கும். மென்பொருள் முழுக்க நிலை நினைவகத்தில் இருப்பதால் எதையும் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேசிக், டெக்ஸ்ட், டெல்காம், முகவரி, நாட்குறிப்பு. இந்த ஐந்தும், நீங்கள் எழுதிவைத்த கோப்புகளும், மிச்சமிருக்கும் பைட் எண்ணிக்கையும் திரையில் இருக்கும். டெக்ஸ்டுக்குள் போய் எழுத வேண்டியதுதான். சேமி என்று ஒரு கட்டளை தேவையே இல்லை. அடித்த எழுத்து அடித்த இடத்திலேயே நினைவகத்தில் இருக்கும்; சுவிட்சை அணைத்தாலும் இருக்கும். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துகொள்ளும். பேட்டரி தீரப்போகிறது என்றால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அதன்பிறகும் இருபது நிமிடம் கையில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் பத்தியை முடித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

விசைப்பலகையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. முழு அளவு விசைகள். தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கம்பெனிகள் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது விசைப்பலகையில்தான். அதே ஆண்டுகளில் வந்த எத்தனையோ சின்னக் கணினிகள் ரப்பர் விசையும் கால்குலேட்டர் விசையுமாக வந்து போயின. இங்கே அந்தக் கஞ்சத்தனம் இல்லை.

எழுதியதை அனுப்ப வேண்டுமே? அமெரிக்காவில் விற்ற மாடலில் மோடம் உள்ளேயே இருந்தது. வேகம் நொடிக்கு 300 பிட். அதாவது நொடிக்கு 30 எழுத்து. ஆயிரம் சொல் கொண்ட ஆங்கிலக் கட்டுரை போய்ச் சேர மூன்றரை நிமிடம் பிடிக்கும். இன்றைக்கு அது நகைப்புக்குரிய வேகம். ஆனால் அதற்கு முன் நிருபர் என்ன செய்துகொண்டிருந்தார்? தொலைபேசியைக் காதில் வைத்து, காற்புள்ளி அரைப்புள்ளி உட்பட ஒவ்வொன்றாகச் சொல்ல, மறுமுனையில் ஒருவர் அடித்துக்கொண்டிருப்பார். பெயர்களை எழுத்துக்கூட்ட வேண்டும். அதற்குப் பக்கத்தில் மூன்றரை நிமிடம் என்பது வரம். தெருமுனைத் தொலைபேசியில் கம்பி மாட்ட வழியில்லை என்றால் இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் கொண்ட இணைப்பான் ஒன்றை விற்றார்கள். ரிசீவரின் இரு முனைகளையும் அந்தக் கிண்ணங்களில் அழுத்திவிட்டால் மோடம் கூவுவதை அது கேட்டு அனுப்பும். விடுதி அறைத் தொலைபேசியின் வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றி உள்ளே கிளிப் மாட்டிய நிருபர்களும் உண்டு.

அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் இதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். விளையாட்டு மைதானம், நீதிமன்ற வராந்தா, தேர்தல் பிரசாரப் பேருந்து என்று எங்கும் எட்டு வரித் திரைகள். 24 கிலோபைட்டில் இயந்திரம் தனக்கென எடுத்துக்கொள்வது போக மூவாயிரம் சொற்களுக்கு மேல் எழுதலாம். ஒரு நாள் செய்திக்கு அது தாராளம்.

எல்லாரையும்விட ஒரு படி மேலே போனவர் ஸ்டீவன் ராபர்ட்ஸ். 1983இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் ஊரிலிருந்து, சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் ஒரு சைக்கிளில் கிளம்பினார். வீட்டை விட்டுவிட்டார். சைக்கிளில் சூரியத் தகடு. பையில் மாடல் 100. போகிற வழியில் எழுதுவார், கட்டணத் தொலைபேசி கண்ட இடத்தில் நிறுத்தி அனுப்புவார், அதில் வரும் வருமானத்தில் மேலே போவார். சுமார் 10,000 மைல் அப்படிப் போய், அதைப் புத்தகமாகவும் எழுதினார். பிறகு அவருக்கு இன்னொரு குறை தோன்றியது: மிதித்துக்கொண்டிருக்கும் நேரம் வீணாகிறதே! அடுத்த சைக்கிளின் கைப்பிடியிலேயே விசைகளைப் பதித்து, ஓட்டிக்கொண்டே எழுதினார். ‘எங்கிருந்தும் வேலை’ என்று இப்போது ஏதோ புதிதாகப் பேசுகிறார்கள்.

இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் மறப்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்விளக்கு இல்லாததால் மங்கிய அறையில் திரை தெரியாது. சற்றே கோணம் மாறினால் சாம்பல் மீது சாம்பல். நினைவகம் நிறைந்தால் கேசட் டேப்பில்தான் இறக்கிவைக்க வேண்டும். டேப் சில சமயம் தராமல் போகும். உள்ளே பலகையில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் செல் ஒன்று நினைவகத்தைக் காக்கும், ஆனால் பென்சில் பேட்டரி இல்லாமல் சில நாட்கள் அலமாரியில் கிடந்தால் எழுதியதெல்லாம் காற்றோடு போய்விடும். தமிழுக்கு இதில் இடமே இல்லை. 240 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம் கொண்ட திரையை 40 எழுத்தாகவும் 8 வரியாகவும் பிரித்தால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது அகலத்தில் 6 புள்ளி, உயரத்தில் 8. அந்தக் கட்டத்துக்குள் ‘ணி’யின் கொக்கியையும் ‘ஞூ’வின் வாலையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆங்கிலத்தின் எளிய வடிவத்துக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை இது. நம் எழுத்தாளர்கள் அந்தப் பத்தாண்டிலும் பேனாவோடு இருந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை.

1988 வாக்கில் இங்கிலாந்தில் கிளைவ் சிங்கிளேர் இதே வழியில் இசட்88 என்ற கருவியை விற்றார். தம் பெயரையும் கணினித் தொழிலையும் 1986இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டதால், சொந்தப் பெயரில் விற்க முடியாமல் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வைக்க வேண்டிய நிலை. ஏ4 அளவு, ஒரு கிலோவுக்கும் குறைவு, அதே நான்கு பென்சில் பேட்டரி, அதே எட்டு வரி. ரப்பர் விசைகள், அடித்தால் சத்தமே வராது. கூட்டங்களில் குறிப்பெடுக்கத் தோது. திரையின் வலது ஓரத்தில் பக்கம் முழுவதும் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் புள்ளிகளால் சின்ன வரைபடமாகக் காட்டும். எட்டு வரிதான் தெரிகிறது என்ற குறைக்குச் சிங்கிளேரின் ஆட்கள் கண்ட அந்தத் தீர்வை நான் மிகவும் ரசிக்கிறேன்.

தொண்ணூறுகளில் கருவி மடியிலிருந்து சட்டைப் பைக்கு இறங்கியது. அமெரிக்காவில் ஹியூலட்-பேக்கர்டின் 200எல்எக்ஸ், 1994. மூக்குக் கண்ணாடிக் கூடு அளவில் முழு டாஸ் கணினி. உள்ளே லோட்டஸ் 1-2-3. இரண்டு பென்சில் பேட்டரி. பொறியாளர்களும் கணக்கர்களும் அதை உயிராக மதித்தார்கள். ஆனால் அதில் இரண்டு கட்டைவிரலால் எழுதலாமே தவிர, பத்து விரலால் எழுத முடியாது.

அதைச் சாதித்தது லண்டனில் இருந்த சையான். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் டேவிட் பாட்டர் 1980இல் தொடங்கிய கம்பெனி. முதலில் சிங்கிளேரின் கணினிகளுக்கு விளையாட்டுகள் எழுதிப் பிழைத்தது. 1984இல் ஆர்கனைசர், 1991இல் சீரீஸ் 3, 1997இல் சீரீஸ் 5. கடைசியாகச் சொன்னதைத் திறந்து பார்த்தவர்கள் அந்த அசைவை மறக்கமாட்டார்கள். மூடியைத் தூக்கும்போது விசைப்பலகை தானாக முன்னோக்கி வழுக்கி வரும். திரை பின்னால் சாய்ந்து, தன் எடையை விசைப்பலகையின் பின்பகுதியில் ஊன்றிக்கொள்ளும். அதனால் திரையைத் தொட்டாலும் கருவி பின்பக்கம் குடைசாயாது. வடிவமைத்தவர் மார்ட்டின் ரிடிஃபோர்டு. 350 கிராம் எடை, 17 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் உண்மையாகவே விரல் போட்டு அடிக்கக்கூடிய விசைகள். இதற்கும் இரண்டே பென்சில் பேட்டரிதான்.

சையானுக்கும் ஒரு சாபம் இருந்தது. திரைக்கும் பலகைக்கும் நடுவே கீல் வழியாக ஓடும் மெல்லிய நாடாக் கம்பி, ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்ததில் விரிசல் விடும். திரையில் கோடுகள் விழும். எந்தக் கீல் அதன் அழகோ அந்தக் கீலே அதன் எமன். மேலே பூசிய ரப்பர் போன்ற பூச்சும் சில ஆண்டுகளில் உரிந்து வந்தது. ரசிகர்கள் இன்றும் அந்த நாடாவை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சையானின் முடிவு விசித்திரமானது. 1998இல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவற்றோடு சேர்ந்து, சீரீஸ் 5க்காக எழுதிய இயங்குதளத்தைச் சிம்பியன் என்ற தனி நிறுவனமாக்கினார்கள். நம்மூரில் எத்தனையோ சட்டைப் பைகளில் இருந்த நோக்கியா 6600, என்70 ஆகியவற்றுக்குள் ஓடியது அதன் வழித்தோன்றல்தான். பிள்ளை உலகம் சுற்றியது. 2001இல் தாய் நிறுவனம் பொதுமக்களுக்கான கையடக்கக் கருவிகளைச் செய்வதையே நிறுத்தியது. அந்தப் பேசிகளில் பாட்டு வந்தது, படம் வந்தது, கேமரா வந்தது. பத்து விரலுக்கான விசைப்பலகை மட்டும் வரவில்லை. மடிக்கணினிகளும் தம் வழியில் போயின. வண்ணத் திரை, விண்டோஸ், பெரிய வன்தட்டு என்று சேரச் சேர, 20 மணி நேரம் ஓடிய பேட்டரி இரண்டு மூன்று மணி நேரமானது. விற்பனையாளர்கள் எண்ணிக் காட்ட முடிந்தவை எல்லாம் வளர்ந்தன. எழுதுகிறவருக்கு வேண்டியதை யாரும் எண்ணவில்லை.

ஒரே ஒரு கம்பெனி எதிர்த்திசையில் போனது, அதுவும் எழுத்தாளர்களை நினைத்து அல்ல. ஆப்பிளில் வேலை பார்த்த கேதன் கோத்தாரியும் ஜோ பாரஸும் பள்ளிப் பிள்ளைகளுக்காக, கீழே விழுந்தாலும் உடையாத, மலிவான ஒரு விசைப்பலகையைச் செய்தார்கள். ஆல்ஃபாஸ்மார்ட் என்று பெயர். 1993இல் விற்பனைக்கு வந்தது. 2004இல் வந்த அதன் நியோ மாடல் மூன்று பென்சில் பேட்டரியில் 700 மணி நேரம் ஓடும் என்றார்கள். இணையம் கிடையாது, விளையாட்டு கிடையாது, எழுத்துருவை மாற்றிப் பார்க்கும் வேலை கிடையாது. எழுதி முடித்துக் கணினியில் மாட்டினால், தன்னை ஒரு சாதாரண விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு, எழுதியதையெல்லாம் முதல் எழுத்திலிருந்து தானே அடித்துக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத தட்டச்சர் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல எழுத்துகள் ஓடும். பள்ளிகள் கைவிட்டபிறகு பழைய நியோக்களை நாவலாசிரியர்கள் தேடி வாங்கினார்கள். 2013இல் உற்பத்தி நின்றது.

இப்போது இந்த ஏக்கமே ஒரு சந்தை ஆகிவிட்டது. 2014இல் ஹெமிங்வே பெயரைச் சுருட்டி ‘ஹெமிங்ரைட்’ என்று நிதி திரட்டி, பின்பு ‘ஃப்ரீரைட்’ என்று பெயர் மாறி வந்த மின்மைத் திரைக் கருவிக்குச் சாதாரண மடிக்கணினியின் விலை கேட்கிறார்கள். போதுமானது போதும் என்று சொன்ன ஆஸ்பார்ன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஜப்பானில் கிங் ஜிம் நிறுவனம் 2008 முதல் செய்துவரும் பொமேரா கொஞ்சம் நியாயமான சரக்கு. பழைய சையானை நினைத்து, அதே ரிடிஃபோர்டின் கையால் 2018இல் ஜெமினி என்ற ஆண்ட்ராய்டு கருவியும் வந்தது. கீல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஒரு செல்பேசி. அறிவிப்பு மணிகள் அதிலும் அடித்தன.

என் கணிப்பில் இந்த வரிசை முழுவதிலும் மிகச் சரியாக அமைந்த கருவி மாடல் 100தான். சீரீஸ் 5 அதைவிட அழகு, நியோ அதைவிட உழைப்பாளி. ஆனால் எழுதுவது, வைத்திருப்பது, அனுப்புவது என்ற மூன்றையும் ஒரே பெட்டியில், தெருக்கடை பேட்டரியில் முடித்துக்கொடுத்தது அது மட்டுமே. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒன்றைக் கூட்டும்போது இன்னொன்றை இழந்தார்கள்.

வாசகர்களில் யார் வீட்டிலாவது, வெளிநாட்டில் வேலைபார்த்த சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்த சையானோ எச்பியோ மேசை இழுப்பறையில் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பென்சில் பேட்டரிகளை வெளியே எடுங்கள். இந்தக் கருவிகளைக் கொல்வது வயதைவிடப் பேட்டரியில் கசியும் காரம்தான். தொடுமுனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிட்டு, புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவை எழுந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல மாட்டேன். எழுந்துகொண்டால் அதில் இருக்கும் கோப்புகளை அழிக்காமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாரம், கையெழுத்தைப் படிக்கக் கிளம்பி ஊர் சிரிக்க விழுந்த ஆப்பிள் நியூட்டனையும், அந்த விழுப்புண்ணைப் பார்த்துப் பாடம் கற்ற பாம் பைலட்டையும் பார்ப்போம்.